பழைய காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் 1970களிலிருந்து 1990கள் வரை வந்த கார்களை வைத்திருப்பவர்கள் இன்ஜின் இறக்குவது பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். மனத்தில் வைத்திருப்பவை டட்சன் 120ஒய், பழைய கொரோலா, சிவிக் போன்ற நாலு சிலிண்டர் கார்கள். டர்போ, நாலு சக்கர டிரைவ் ஆகியவற்றுக்கு இன்னும் சில வேலைகள் கூடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மாடி கார்பார்க்ல ஓர் ஓரமா வச்சு இறக்கிடலாமா?

கூடாது. பஞ்சர் ஒட்டுவது, பேட்டரி மாற்றுவது வேறு. இன்ஜின் இறக்குவது முழு ரிப்பேர் வேலை. கார்பார்க் அதற்கான இடமில்லை. கொண்டோவிலும் (தனியார் அடுக்குமாடி) நிர்வாகம் விடாது. இந்தப் பக்கத்தில் ‘வீடு’ என்று சொல்வது சொந்த போர்ச் உள்ள தரைவீட்டைத்தான். அது இல்லாதவர்கள் சின் மிங், உபி, காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் ஒரு மூலையை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்ஜினை வெளிய எடுத்தா எல்டிஏகிட்ட சொல்லணுமா?

அதே இன்ஜினைச் சரிசெய்து அதே காரில் வைத்தால் பதிவில் எதுவும் மாறாது. வேறு இன்ஜின் வைப்பதென்றால் கதை வேறு. இன்ஜின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) பதிவில் இருக்கிறது. அதனால் மாற்று இன்ஜினுக்குக் காசு கொடுப்பதற்கு முன்பே ஆணையத்திடம் விசாரித்து முடித்துவிடுங்கள். ‘கிடைத்தது மலிவு’ என்று பெரிய இன்ஜினை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் அனுமதி கேட்பது தலைவலி.

இன்னொன்று, தேதி. பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் தேறினால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். கார் ஓடாமல் போர்ச்சில் நின்றாலும் சாலை வரி கட்டியே ஆக வேண்டும். ஆகவே பரிசோதனை முடிந்த கையோடு வேலையைத் தொடங்குவது நல்லது. கார் ஜாக் ஸ்டாண்டில் நிற்கும் மாதங்களிலும் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) கரைந்துகொண்டுதான் இருக்கும். ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டும் கிளாசிக் திட்டத்துக் கார் என்றால் இந்த அவசரம் குறைவு.

கிளட்ச் மட்டும் மாத்தணும். அதுக்கும் இன்ஜினை இறக்கணுமா?

வேண்டியதில்லை. பின்சக்கர டிரைவ் காரில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கினால் போதும். முன்சக்கர டிரைவிலும் இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு கியர்பாக்ஸை மட்டும் இறக்கலாம், இடம்தான் நெருக்கடி. பிஸ்டன் ரிங், பேரிங் வேலை, இன்ஜின் பே முழுக்கத் துரு, வேறு இன்ஜின் வைப்பது, இப்படி ஒரு காரணம் இருந்தால்தான் மொத்தமாக இறக்குவதில் அர்த்தம் உண்டு. புகை வருகிறது என்பதற்காக மட்டும் இறக்காதீர்கள். முதலில் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். அது சரியாக இருந்தால் குற்றவாளி வால்வு ஸ்டெம் சீலாகவும் இருக்கலாம். அந்த வேலைக்கு இன்ஜின் காரிலேயே இருக்கட்டும்.

ரெண்டையும் சேர்த்து எடுக்கறதா, தனித்தனியாவா?

சேர்த்து. வீட்டில் செய்பவர்களுக்கு எங்கள் பதில் எப்போதும் இதுதான். பெல்ஹவுசிங்கின் (கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் மணி வடிவ உறை) மேல் போல்ட்டுகளுக்குக் காரின் அடியில் படுத்துக்கொண்டு அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் மாட்டிக் கழற்ற வேண்டும். வெளியே வந்த பிறகு அதே போல்ட்டை நின்றுகொண்டே கழற்றலாம். திரும்ப வைக்கும்போதும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டைக் கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைக்கும் போராட்டம் போர்ச் தரையில் நடக்கும், காருக்கடியில் அல்ல.

சேர்த்து எடுக்கும்போது முன்பக்கம் மேலே, கியர்பாக்ஸ் வால் கீழே என்று 30 முதல் 45 டிகிரி சாய்வில் வரும். ரேடியேட்டர், ஃபேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஆயில் ஃபில்டர், கார்புரேட்டர் எல்லாம் முதலிலேயே போய்விட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஓர் இடி வாங்கினால் விரிசல் விட்டுவிடும். பழைய மாடலுக்கு இன்னொன்று தேடுவது லேசல்ல.

சப்ஃபிரேமோடு (இன்ஜினைத் தாங்கும் முன்பக்கச் சட்டம்) கீழ்வழியாக இறக்குகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குக் காரின் முன்பக்கத்தை முக்கால் மீட்டருக்குக் குறையாமல் தூக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத வீட்டில் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

என்னென்ன கருவி வேணும்? ஒரு டன் கிரேன் போதுமா?

1.3 முதல் 1.6 லிட்டர் இரும்பு பிளாக் இன்ஜினும் மேனுவல் கியர்பாக்ஸும் சேர்ந்தால் சுமார் 150 முதல் 200 கிலோ. ஆட்டோ என்றால் இன்னும் கூடும். எடையை மட்டும் பார்த்தால் ஒரு டன் கிரேன் போதும். ஆனால் கிரேனில் எழுதியிருக்கும் எண் கை முழுவதும் உள்ளே தள்ளியிருக்கும்போதுதான் பொருந்தும். மடக்கும் வகை இரண்டு டன் கிரேனில் கையை முழுதாக நீட்டினால் தாங்கும் எடை அரை டன்னாகக் குறைவது வழக்கம். இன்ஜின் நடுப்பகுதி வரை எட்ட வேண்டும் என்பதால் கையை நீட்டியே ஆக வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு டன் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். கரோசல் இணையத்தளத்தில் பழையது வாங்கினால், எடையைத் தூக்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். தானாக இறங்கினால் ராம் சீல் போய்விட்டது.

இதோடு லெவலர் ஒன்று. திருகைச் சுற்றினால் இன்ஜினின் சாய்வு மாறும் அந்தக் கம்பி இல்லாமல் கியர்பாக்ஸோடு இழுப்பது வீண் வம்பு. ஜப்பானியக் கார்களுக்கு 10, 12, 14, 17, 19 மி.மீ. சாக்கெட், பழைய பிரிட்டிஷ் கார் என்றால் அங்குல அளவு செட். காரைத் தாங்க நாலு ஸ்டாண்ட், டிராலி ஜாக், நீளக் கைப்பிடி பிரேக்கர் பார், 60 செ.மீ. எக்ஸ்டென்ஷன். கையில் இல்லாதது ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும்.

எங்க வீட்டு போர்ச் கேட் பக்கம் சரிவா இருக்கு, டைல்ஸ் வேற. பிரச்சினையா?

பிரச்சினைதான். மழைநீர் ஓடுவதற்காகப் பல போர்ச்சுகளில் சரிவு வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். எடை தூக்கிய கிரேன் தாழ்ந்த பக்கம் தானாக நகரும். சின்ன இரும்புச் சக்கரங்கள் டைல்ஸ் இடுக்கில் சிக்கி நிற்கும். நின்ற வேகத்தில் மேலே தொங்கும் இன்ஜின் ஆடும். 18 மி.மீ. பிளைவுட் பலகைகளை இடைவெளி இல்லாமல் விரியுங்கள். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியிலும் பலகை வேண்டும், இல்லாவிட்டால் டைல்ஸ் பிளக்கும். கிரேன் சக்கரங்களுக்கு மர ஆப்பு வையுங்கள். சரிவு கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இருந்தால் அந்த இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பம்பருக்கு முன்னால் குறைந்தது 2 மீட்டர் இடம் வேண்டும். கூரையையும் அளந்து பாருங்கள். கிரேன் கை உயரும்போது போர்ச் விளக்கில் முட்டும்.

எதை முதல்ல கழட்டணும், எதைக் கடைசியில?

பேட்டரியின் நெகட்டிவ் முதல் (இன்ஜெக்‌ஷன் காரில் அதற்கும் முன்பே பெட்ரோல் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும்). இன்ஜின் மவுண்ட் கடைசி. நடுவில் உள்ளவை இடத்துக்கேற்ப முன்பின் ஆகலாம். பொதுவாக: பானெட் (கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு பேராக), கூலன்ட், ரேடியேட்டர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர், சோக், கிளட்ச் கேபிள்கள், வயர்கள், எக்ஸாஸ்ட். பிறகு காரின் அடியில் ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், பின்சக்கர டிரைவ் காரில் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு). கியர் லிவரை உள்ளிருந்து கழற்ற வேண்டும், நியூட்ரலில் வைத்துவிட்டு.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சில் இரண்டு பக்கமும் சேரும்படி பெயின்ட் கோடு போடுங்கள்; வேறு நிலையில் மாட்டினால் ஓடும்போது அதிரக்கூடும். ஷாஃப்ட்டை உருவியதும் கியர்பாக்ஸ் வாலிலிருந்து ஆயில் கொட்டும், அதுவும் இன்ஜினைச் சாய்க்கும் அந்த நேரத்தில். முன்பே வடித்துவிடுங்கள், அல்லது வாலில் தடித்த பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். பழகிய கைகளுக்கு இது ஒரு நாள் வேலை. முதல் தடவை என்றால் இரண்டு வார இறுதிகள் ஒதுக்குங்கள்.

வயரெல்லாம் ஞாபகம் இருக்குமா? போட்டோ எடுத்தா போதாதா?

போதாது. படத்தில் தெரியும் மூன்று கறுப்பு வயர்களில் எது எங்கே போனது என்று மூன்று மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி வயரிலும் அது மாட்டியிருந்த இடத்திலும் ஒட்டுங்கள், பிறகு படம் எடுங்கள். நம் ஈரப்பதத்தில் மாஸ்கிங் டேப்பின் பசை உருகி உரியும். வேலை நீளும் என்று தெரிந்தால் துணி டேப்பே மேல். போல்ட்டுகளைப் பகுதி பகுதியாக ஜிப் பைகளில் போடுங்கள். முடிந்தவற்றை வந்த துளையிலேயே இரண்டு சுற்று திருகி வைப்பது அதைவிட நல்லது.

ஏர்கான் கேஸை வெளிய விட்டுடலாமா? கொஞ்சம்தானே?

விடாதீர்கள், விடவேண்டிய தேவையும் பெரும்பாலும் வராது. கம்ப்ரஸரைக் குழாய்களோடு அப்படியே பிராக்கெட்டிலிருந்து கழற்றி ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். எடை குழாயில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். பவர் ஸ்டீயரிங் பம்புக்கும் இதே வழி.

குழாயைத் திறந்தே ஆக வேண்டிய கார் என்றால், முதல் நாளே ஏர்கான் கடையில் கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். திறந்த வாய்களை உடனே மூடுங்கள். ஏர்கான் ஆயிலும் டிரையரும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். திரும்ப மாட்டும்போது டிரையரைப் புதிதாகப் போட வேண்டும்.

பெட்ரோல், ஆயில், கூலன்ட் எல்லாத்தையும் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?

வாய்க்காலில் மட்டும் கூடாது. போர்ச் ஓரத்து மழைநீர்க் கால்வாய் பெரும்பாலும் நீர்த்தேக்கம் வரை போகிறது. பழைய ஆயில், கியர் ஆயில், கூலன்ட் மூன்றையும் தனித்தனிக் கேன்களில் பிடியுங்கள். கலந்துவிட்டால் வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். பழைய ஆயில் நச்சுத் தொழிற்கழிவாகக் கணக்கிடப்படுகிறது, உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள்தான் எடுப்பார்கள். நீங்கள் வழக்கமாக சர்வீஸ் செய்யும் வொர்க்‌ஷாப்பைக் கேட்டால் அவர்களின் பீப்பாயில் ஊற்ற விடுவது உண்டு. கூலன்ட் இனிக்கும், நக்கிய பூனை செத்துப்போகும். தட்டைத் திறந்து வைக்காதீர்கள்.

பெட்ரோலுக்கு: டாங்க் கிட்டத்தட்டக் காலியான பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் காரில் குழாய்க்குள் சுமார் 2.5 முதல் 3 பார் அழுத்தம் நிற்கும். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓட விட்டால் அழுத்தம் இறங்கும். கழற்றிய குழாய் வாயில் பொருத்தமான போல்ட்டைச் செருகிக் கிளிப் போடுங்கள். அழுத்தத்தை இறக்குவதை பேட்டரியைக் கழற்றும் முன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பலர் மறப்பது இதைத்தான்.

எக்ஸாஸ்ட் போல்ட் அசையவே மாட்டேங்குது. நீளக் குழாய் போட்டு அமுக்கவா?

அமுக்கினால் ஸ்டட் உடைந்து மேனிஃபோல்டில் நிற்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். இறுக்கும் திசையில் ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றும் திசைக்கு வாருங்கள். அப்போதும் வராவிட்டால் நட்டைச் சூடாக்க வேண்டும், பெட்ரோல் குழாய்களைத் திறப்பதற்கு முன். இதுவும் முடியாவிட்டால் விடுங்கள்: டவுன் பைப்பின் கீழ் இணைப்பைக் கழற்றிவிட்டு மேனிஃபோல்டோடு சேர்த்தே இன்ஜினை வெளியே எடுக்கலாம்.

முன்சக்கர டிரைவ்ல டிரைவ் ஷாஃப்ட்டை எப்படி எடுக்கறது?

சக்கர நடு நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, தளர்த்திவிட வேண்டும். பெரும்பாலான கொரோலாக்களில் அது 30 மி.மீ.; 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கியிருப்பார்கள். காரைத் தூக்கிய பிறகு அதோடு மல்லுக்கட்டினால் கார் ஸ்டாண்டிலிருந்து நழுவும். பிறகு கீழ் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஹப்பை வெளியே இழுத்து, உள்முனையைக் கியர்பாக்ஸிலிருந்து நெம்ப வேண்டும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் பிரிந்து அதன் ரப்பர் உறைக்குள் சிதறும். நெம்புகோல் ஜாயின்ட்டின் உடலில்தான் பட வேண்டும்.

சில கியர்பாக்ஸ்களில் இரண்டு ஷாஃப்ட்டையும் உருவியதும் உள்ளே டிஃபரென்ஷியல் பல்சக்கரங்கள் இடம் மாறும். ஒரு பக்கம் எடுத்ததும் சுத்தமான மரக்கட்டையையோ பழைய ஷாஃப்ட் முனையையோ அங்கே செருகிவிட்டு மறுபக்கம் போங்கள்.

சங்கிலியை இன்ஜின்ல எங்க மாட்டுறது?

தொழிற்சாலை வைத்த தூக்கு வளையங்கள் இருந்தால் அவற்றில், மூலைக்கு மூலை: ஒன்று முன்னால், மற்றது பின்னால் எதிர்ப்பக்கம். இல்லாவிட்டால் பிளாக்கிலோ ஹெட்டிலோ உள்ள பிராக்கெட் துளைகளில் 8.8 தர போல்ட். எம்10 போல்ட் இரும்பில் குறைந்தது 15 மி.மீ., அலுமினியத்தில் 20 மி.மீ. ஆழம் ஏறியிருக்க வேண்டும். சங்கிலி வளையத்தைவிடப் பெரிய வாஷர் போடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டிலும் கார்புரேட்டர் ஸ்டட்டிலும் மாட்டவே கூடாது. சங்கிலி இறுகும்போது ராக்கர் கவரை நசுக்காமலும் பாருங்கள்.

பாதி வந்து மாட்டிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் ஜாக் அடிக்கலாமா?

வேண்டாம். கிரேன் இன்ஜினுக்குப் பதிலாகக் காரையே தூக்க ஆரம்பிக்கும். எடையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். வழக்கமாக மாட்டுவது இவற்றில் ஒன்று: பிளாக்கிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கிளட்ச் ஸ்லேவ் குழாய், பெல்ஹவுசிங்கில் எக்ஸாஸ்டைப் பிடிக்கும் சின்ன பிராக்கெட்.

எதுவும் இல்லை என்றால் சாய்வு போதவில்லை. லெவலரைச் சுற்றுங்கள், வாலுக்கு அடியில் டிராலி ஜாக் வைத்து ஒருவர் வழிகாட்டட்டும். காரை அளவுக்கு மீறித் தூக்கி வைத்திருப்பதும் ஒரு காரணம்: கிரேன் கை உச்சிக்குப் போயும் இன்ஜினின் அடிப்பாகம் முன் பேனலைத் தாண்டாது. கிரேன் கால் நுழையவும் கியர்பாக்ஸ் வால் தரையில் முட்டாமல் இருக்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு உயரம் போதும். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

வெளிய வந்தாச்சு. இப்ப கிரேனைத் தள்ளவா, காரைத் தள்ளவா?

பின்சக்கர டிரைவ் கார் சக்கரத்தில் நின்றால் காரைப் பின்னால் தள்ளுங்கள். கிரேன் அசையாமல் இருப்பதே பாதுகாப்பு. டிரைவ் ஷாஃப்ட் உருவிய முன்சக்கர டிரைவ் காரை அப்படி உருட்டினால் சக்கர பேரிங் விரிந்துவிடக்கூடும், அங்கே கிரேனைத்தான் நகர்த்த வேண்டும். முன் பேனலைத் தாண்டியதும் இன்ஜினை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு அப்புறம் நகர்த்துங்கள்.

நாலு ஸ்டாண்டிலும் நிற்கும் கார் இப்போது பின்பக்கம் கனமாகியிருக்கும். பின் ஸ்டாண்டுகள் ரொம்ப முன்னால் தள்ளி இருந்தால் மூக்கு மேலே எழும். இன்ஜினை அதற்கான தனி இன்ஜின் ஸ்டாண்டில் மாட்டும் எண்ணம் இருந்தால், கிரேனில் தொங்கும்போதே கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்றுங்கள். ஸ்டாண்டின் தகடு உட்காரும் இடம் பெல்ஹவுசிங் முகம்தான்.

ஆட்டோ கியர்பாக்ஸைப் பிரிக்கறப்ப என்ன கவனிக்கணும்?

டார்க் கன்வர்ட்டர் (ஆட்டோவில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருப்பது) எப்போதும் கியர்பாக்ஸோடு போக வேண்டும். பெல்ஹவுசிங்கின் சின்ன மூடியைத் திறந்து, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு இன்ஜினைச் சுற்றிச் சுற்றி, கன்வர்ட்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிரித்ததும் கன்வர்ட்டர் முன்னால் நழுவி விழாமல் ஒரு பட்டை குறுக்கே கட்டுங்கள்.

உண்மையான ஆபத்து திரும்ப மாட்டும்போது. கன்வர்ட்டர் பம்ப் வரை முழுதாக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றிக்கொண்டே அழுத்தினால் ‘டக்’ என்று படிப்படியாக உள்ளே போவது கையில் தெரியும். சரியாக உட்கார்ந்தால் பெல்ஹவுசிங் முகமும் பிளாக்கும் கையாலேயே சேரும், கன்வர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜின் பக்கத்துத் தகடு) நடுவே சில மி.மீ. இடைவெளி மிச்சமிருக்கும். இடைவெளியை போல்ட் போட்டு இழுத்து மூடினால் பம்ப் உடைகிறது. மேனுவலுக்கும் இதே விதிதான்: பிளாக்கில் இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா பாருங்கள், கியர்பாக்ஸை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்க விடாதீர்கள்.

ரெண்டு மாசம் அப்படியே கிடந்தா கெட்டுப்போகுமா?

கவனிக்காவிட்டால் கெடும். சிலிண்டர் சுவர் இங்கே சில வாரங்களிலேயே துரு பிடிக்கும். பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, எல்லா வாய்களையும் டேப்பால் மூடுங்கள்.

கொசுவும் இருக்கிறது. ஆயில் பிடித்த தட்டு, கவிழ்க்காத வாளி, அடுக்கிய டயர், திறந்த இன்ஜின் பேயின் குழிகள், எங்கே மழைநீர் நின்றாலும் ஏடிஸ் ஒரு வாரத்தில் பெருகிவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு வீடாகப் பார்க்க வரும்போது போர்ச்தான் முதலில் கண்ணில் படும். தார்ப்பாயையும் குழி விழாமல் சாய்த்துக் கட்டுங்கள்.

திரும்ப வைக்கறதுக்கு முன்னாடி என்னென்ன புதுசாப் போடணும்?

வெளியே இருக்கும்போது சுலபமாகவும், உள்ளே போனால் மறுபடி இறக்க வேண்டியதாகவும் உள்ளவை எல்லாம்: கிராங்கின் பின்பக்க சீல், கியர்பாக்ஸ் இன்புட் சீல், வெல்ஷ் பிளக்குகள் (பிளாக்கின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்), ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் அதுவும். மவுண்ட் ரப்பர்கள், தண்ணீர்க் குழாய்கள். பின் சீல் கசியவில்லை என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. முப்பது வயது ரப்பர் மேல் அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு இல்லை.

எல்லாம் மாட்டியாச்சு, ஸ்டார்ட் பண்ணினா கிளட்ச் கேபிள்ல புகை வருது! ஏன்?

மேலே சொன்ன எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் பாடிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் கிளட்ச் கேபிளிலும் ஆக்ஸிலரேட்டர் கேபிளிலும் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும். உடனே நிறுத்துங்கள், பட்டையை மாட்டுங்கள். உறை உருகிய கேபிள் அப்புறம் இறுகும், மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்‌ஷன் காரென்றால் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். பிறகு ஓட விட்டு பெட்ரோல் குழாய் இணைப்புகளை முதலில் பாருங்கள், தண்ணீரை அடுத்து. ஆட்டோ காரில் ஒவ்வொரு கியரிலும் சில விநாடி வைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போதே கியர்பாக்ஸ் ஆயில் அளவு பாருங்கள் (ஹோண்டாவில் இன்ஜினை நிறுத்தியதும் பார்க்க வேண்டும்). முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மவுண்ட் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.